ஸ்கேலோடு திரியுங்கள்: மும்பைத் தமிழ் டிசைனருக்கான வேலைக் குறிப்புகள்

இளம் டிசைனர் ஒருவரிடம் "யாருடைய பாதிப்பு உங்களிடம் அதிகம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பின்டரஸ்டில் சேர்த்து வைத்த படங்களைத்தான் நீட்டுவார். எல்லாம் அழகான படங்கள். அதில் ஒன்றைச் சுட்டி, இந்த எழுத்தின் உயரத்தில் கோட்டின் தடிமன் எத்தனையில் ஒரு பங்கு, ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, மொத்தம் எத்தனை நிறம் என்று கேட்டால் பதில் வராது. பார்த்தது கண்ணோடு நின்றுவிட்டது, கைக்கு வந்து சேரவில்லை. அளந்து பார்த்ததுதான் அடுத்த வேலையில் வெளிப்படும். மற்றதெல்லாம் போனில் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

மும்பையில் இருக்கும் தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் தமிழ், தேவநாகரி, ரோமன் மூன்றும் ஒரே தெருவில், பல இடங்களில் ஒரே பலகையில் இருக்கும். மூன்று லிபிகளை ஒரே சட்டத்துக்குள் அடக்கத் தெரிந்த டிசைனருக்கு இந்த ஊரில் வேலை ஓயாது. அதைக் கற்றுக்கொள்ளப் பெரிய செலவும் இல்லை. ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு, போன் போதும்.

வாரத்துக்கு ஒரு பலகை எடுத்துக்கொள்ளுங்கள். தூரிகையால் எழுதியதாக இருந்தால் நல்லது. பிளெக்ஸ் வந்தபின் அவை குறைந்துவிட்டன. பழைய மளிகைக் கடை, சலூன், கோயில் வாசல், சங்கக் கட்டடம் ஆகிய இடங்களில் இன்னும் கிடைக்கும். பலகைக்கு நேர் எதிரே நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் படமெடுங்கள். கிட்டப் போய் எடுத்தால் லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும், அளவு தப்பும். அளவு தெரிந்த பொருள் ஒன்று படத்துக்குள் வர வேண்டும். ஒரு ஏ4 தாளைப் பலகையோடு ஒட்டிப் பிடித்தால் போதும். அதன் உயரம் 297 மி.மீ., அதை வைத்து மற்றதையெல்லாம் கணக்கிடலாம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகைகளும் நல்ல பாடம்தான். ஆனால் பிளாட்பாரத்தில் கேமராவைத் தூக்கினால் ரயில்வே போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். அங்கே நோட்டில் வரைந்துகொள்வதே நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் இல்லஸ்ட்ரேட்டரிலோ இங்க்ஸ்கேப்பிலோ படத்தை அடியில் வைத்து, 40 சதவீதம் மங்கலாக்கிப் பூட்டிவிட்டு, மேலே பென் டூலில் எழுத்தை வரையுங்கள். வளைவின் மேல், கீழ், இட, வல எல்லைகளில் மட்டும் புள்ளி வைத்தால் கோடு வழுவழுப்பாக வரும். நடுவில் புள்ளிகள் கூடக்கூட வளைவு நடுங்கும். பிறகு 'ப'வின் உயரம், செங்குத்துக் கோட்டின் தடிமன், படுக்கைக் கோட்டின் தடிமன், 'ண'வின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம், மெய்யெழுத்துப் புள்ளியின் விட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தைச் செங்குத்துத் தடிமனால் வகுத்து ஒரே எண்ணாக எழுதுங்கள். 5 வந்தால் தடித்த எழுத்து, 10 வந்தால் மெலிந்தது. பத்துப் பதினைந்து பலகைகள் சேர்ந்ததும், எந்தக் கடைக்கு எந்த எண் பொருந்துகிறது என்பது கண்ணுக்குத் தானாகப் பிடிபடத் தொடங்கும்.

இடைவெளியைத் தனியாகக் கவனியுங்கள். 'ட'வுக்கு வலப்பக்கம் மேலே பெரிய வெற்றிடம் இருக்கிறது. கை தேர்ந்த பெயின்டர் அடுத்த எழுத்தை அதற்குள் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். கம்ப்யூட்டரில் அப்படியே தட்டிய 'பட்டர்', 'செட்டியார்' போன்ற சொற்களில் 'ட'வுக்குப் பின் ஓட்டை விழுந்தது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். லோகோவில் இதைக் கையால் சரிசெய்யாமல் விடுவது சோம்பேறித்தனம்.

யாரைப் பார்ப்பது?

பவாயில் ஐஐடி பம்பாயின் ஐடிசி என்னும் டிசைன் பள்ளி இருக்கிறது. அங்கே பாடம் நடத்திய ஆர்.கே. ஜோஷி (1936–2008) இந்திய எழுத்துகளைப் பற்றி யோசிக்கிற எவரும் தவிர்க்க முடியாத பெயர். விளம்பரத் துறையில் இருந்து வந்தவர், கையெழுத்துக் கலைஞர். விண்டோஸோடு வந்த மங்கள் என்ற தேவநாகரி எழுத்துரு அவருடைய வடிவமைப்பு. அவரைப் போன்றவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது பாணியை அல்ல, எழுதுகருவியிலிருந்து எழுத்தைப் புரிந்துகொள்ளும் முறையை. 3 மி.மீ., 5 மி.மீ. பட்டை நிப் இரண்டு வாங்கி, ஒரே கோணத்தில் பிடித்து, மூன்று லிபிகளையும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். ரோமனுக்குப் பழகிய கோணத்தில் தேவநாகரி சரியாக வராது. தேவநாகரிக்கு நிப்பை எதிர்த்திசையில் சாய்த்து வெட்டுவார்கள், அதனால் தடிப்பும் மெலிவும் வேறு இடத்தில் விழும். தமிழோ ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த எழுத்து. கோடு எங்கும் ஒரே கனம். இது தெரிந்தவர், மூன்று லிபிப் பலகைக்குத் தடிப்பு–மெலிவு அதிகமுள்ள எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்க மாட்டார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். சீரான கோடுள்ளவையே அங்கு சேர்ந்து நிற்கும்.

அதே ஐடிசியில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தபோதுதான் உதயகுமார் தர்மலிங்கம் ரூபாய்க் குறியை வரைந்தார். 2010-ல் அரசு அதை ஏற்றது. தேவநாகரியின் 'ர', தண்டு இல்லாத ரோமன் 'ஆர்' இரண்டும் ஒரே வடிவத்தில் படியும்படி செய்தது அதன் சூட்சுமம். எண்களோடு சேர்த்து அச்சடித்தால் அது தனியாகத் துருத்துவதில்லை என்பதையும் பாருங்கள். ₹ 500 என்று 8 புள்ளி (பாயின்ட்) அளவில் ஒரு முறை, 200 புள்ளியில் ஒரு முறை அச்செடுத்து, கோட்டுத் தடிமனையும் உயரத்தையும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் பெயரின் முதல் எழுத்தைத் தமிழிலும் தேவநாகரியிலும் ஒன்றாக இணைக்க முயலுங்கள். பத்தில் ஒன்பது முயற்சி இரண்டு மொழிக்காரருக்கும் புரியாத ஏதோ ஒன்றாக முடியும். பயிற்சியே அதுதான்.

ஊர்ப் பக்கத்திலிருந்தும் இரண்டு பேர். கோவில்பட்டி சி. கொண்டையா ராஜுவின் (1898–1976) சாமிப் படங்களைச் சிவகாசிக் காலண்டர்களில் நம் வீட்டுச் சுவர்கள் தலைமுறைகளாகப் பார்த்திருக்கின்றன. உருவம் தாளில் எத்தனை பங்கை எடுத்துக்கொள்கிறது, கடைப் பெயருக்கு அடியில் ஒதுக்கிய பட்டை எத்தனை பங்கு என்று காலண்டரில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அந்தப் பட்டைதான் காலண்டருக்குக் காசு கொடுத்தவரின் இடம், ஆனாலும் படத்தை அது நெருக்குவதில்லை. கே.எம். ஆதிமூலத்தின் (1938–2008) மைக்கோட்டு ஓவியங்களும், நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அவர் எழுதிய தலைப்பெழுத்துகளும் தமிழ் எழுத்தை ஓவியமாகப் பார்க்கக் கற்றுத்தருபவை.

நகரத்துக்குள்ளேயே அமுல் விளம்பரப் பலகைகள் 1966 முதல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு படம், ஒரு வரி, சுற்றிலும் வெற்றிடம். அந்த வரியில் எத்தனை சொற்கள் என்று எண்ணிவிட்டு, உங்கள் கிளையன்ட் பேனரில் போடச் சொன்ன சொற்களையும் எண்ணுங்கள், விவாதத்துக்கு உதவும். கொலாபா கஃபே மோன்டெகர் சுவர்களில் கார்ட்டூனிஸ்ட் மரியோ மிராண்டாவின் ஓவியங்கள் இருக்கின்றன. கூட்டத்தை வரையும்போது கோடுகள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருப்பது எப்படி என்பதை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

பார்த்ததைக் காப்பியடிக்காமல் பயன்படுத்த ஒரு கட்டுப்பாடு போதும். ஒரு வேலைக்கு மூன்று மூலங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு அம்சம். ஒன்றிலிருந்து அளவு விகிதம், ஒன்றிலிருந்து நிறம், ஒன்றிலிருந்து இட அமைப்பு. மூன்றில் ஒன்றுதான் அதே தொழிலைச் சேர்ந்ததாக இருக்கலாம். இட்லிக் கடை லோகோவுக்கு மூன்று இட்லிக் கடைகளைப் பார்த்தால் நான்காவதாக இன்னொரு வாழையிலைதான் வரும்.

மூன்று லிபிப் பலகை

மகாராஷ்டிராவில் கடைப் பெயர்ப்பலகை தேவநாகரி எழுத்தில் மராத்தியில் கட்டாயம் இருக்க வேண்டும். 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பின் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளுக்கும் இது பொருந்தும். மற்ற மொழிகளைச் சேர்க்கலாம், ஆனால் மராத்தி எழுத்து அவற்றைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. தமிழ் மெஸ்ஸுக்கோ நகைக் கடைக்கோ பலகை செய்கிறவர் இதை முதல் நாளே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். பலகை மாட்டியபின் நோட்டீஸ் வந்தால் பழி டிசைனர் தலையில்தான்.

சிக்கல் எங்கே என்றால், மூன்று லிபிக்கும் ஒரே புள்ளி அளவு கொடுத்தால் மூன்றும் ஒரே அளவில் தெரியாது. அதனால் சாஃப்ட்வேர் காட்டும் எண்ணை மறந்துவிட்டு, உண்மையான உயரத்தை அளக்க வேண்டும். தேவநாகரியில் தலைக்கோட்டிலிருந்து அடிக்கோடு வரை, ரோமனில் பெரிய எழுத்தின் உயரம், தமிழில் 'ப'வின் உயரம். யாராவது டேப் வைத்துப் பார்த்தாலும் முதலாவது பெரியதாக வர வேண்டும்.

10 அடிக்கு 3 அடி பலகை என்று வைத்துக்கொள்வோம். உயரம் 36 அங்குலம். மராத்தி எழுத்து 9 அங்குலம். தலைக்கோட்டுக்கு மேல் வரும் மாத்திரைகளுக்கு (உயிர்க்குறிகளுக்கு) 3, கீழே தொங்குபவற்றுக்கு 2, ஆக 14. தமிழ் 6; மேலே கொம்பு வளைவுகளுக்கும் புள்ளிக்கும் 1.5, கீழே 'ழு', 'கு' போன்றவற்றுக்கு 1.5, ஆக 9. ஆங்கிலம் பெரிய எழுத்தில் 5. மொத்தம் 28. மிச்சம் 8 அங்குலத்தில் மேலும் கீழும் இரண்டரை இரண்டரை, வரிகளுக்கு நடுவே ஒன்றரை ஒன்றரை. இப்படிக் கணக்குப் போடாமல் தொடங்குபவர்கள் கடைசியில் தமிழ் வரியை நசுக்குவார்கள். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது பலகைக்காரர்களின் பழைய கணக்கு. 9 அங்குல எழுத்தைத் தாராவி 90 அடி ரோட்டின் எதிர்ப்புறத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம்.

எழுத்துருவுக்கு அலைய வேண்டாம். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு வெளியிட்ட முக்தா, முக்தா மலர்; பாலூ 2, பாலூ தம்பி 2; அனெக் தேவநாகரி, அனெக் தமிழ் என்ற ஜோடிகள் ஒரே கைப்பக்குவத்தில் வரையப்பட்டவை. எல்லாம் திறந்த உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கின்றன, லோகோவுக்கும் அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அனெக் குடும்பத்தில் எழுத்தின் அகலத்தையே கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. தமிழ்ப் பெயர்கள் பக்கவாட்டில் நீளம் என்பதால் இது பெரிய உதவி. சாதாரண எழுத்துருவை 80 சதவீதத்துக்கு நெருக்கினால் செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலிந்து, படுக்கைக் கோடுகள் அப்படியே நிற்கும். பலகை கோணலாகத் தெரியும், ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

இன்னொன்று: மராத்தியில் 'ல', 'ஶ' எழுத்துகளின் வடிவம் இந்தியில் வழங்கும் வடிவத்திலிருந்து வேறு. நல்ல தேவநாகரி எழுத்துருக்களில் இரண்டும் இருக்கும். கேரக்டர் பேனலில் மொழியை மராத்தி என்று மாற்றினால்தான் சரியானது வரும். தமிழ் டிசைனர் இதைச் சரியாகப் போட்டுக் கொடுத்தால் மராத்தி வாடிக்கையாளர் கவனிப்பார்.

தமிழ் உடையும் இடங்கள்

கொ, கோ, கை, கௌ போன்றவற்றில் குறி எழுத்துக்கு முன்னாலோ இருபுறமுமோ வர வேண்டும். சாஃப்ட்வேருக்கு அது தெரியாவிட்டால் கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். பழைய போட்டோஷாப் என்றால் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்பதை வைத்துவிட்டுப் புதிய கோப்பு திறக்க வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் முதலில் ஒரு சோதனை வரி ஒட்டிப் பாருங்கள்: "ஸ்ரீ கௌரி கொழுக்கட்டைக் கூடம், டீயும் பூரியும், ணை ளூ க்ஷ". இது சரியாக வந்தால் மற்றதும் வரும்.

கிளையன்ட் தரும் பழைய கோப்புகள் பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கும். யூனிகோடுக்கு (ஒருங்குறிக்கு) மாற்றும் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றியபின் 'ஸ்ரீ', 'ஔ'காரம், மேற்கோள் குறிகள், எண்கள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். 'கௌ'வில் இருப்பது உண்மையான ஔகாரக் குறியா, ஒற்றைக் கொம்பும் 'ள'வும் சேர்த்துத் தட்டியதா என்பது திரையில் தெரியாது. பின்னால் வார்த்தையைத் தேடும்போதும் வரி உடையும்போதும் காட்டிக்கொடுக்கும்.

எழுத்துக்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கும்போதும், ஒவ்வொன்றாக அசைய வைக்கும்போதும் 'கோ' என்பது ஒரே அலகு. சாஃப்ட்வேர் அதைப் பிரித்து, 'ா' என்ற காலைத் தனி வரியில் தள்ளினால் கையால் பிடித்து ஒட்டுங்கள். எழுத்து இடைவெளியை (டிராக்கிங்) ஆங்கிலத் தலைப்புகளுக்குச் செய்வது போல் 100, 200 என்று கூட்டினால் இதே கதி. 20-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 120 சதவீதம் போதும் என்றால் தமிழுக்கு 140 முதல் 150. குறுகிய பத்தியில் இருபுறமும் ஒட்ட வைத்தால் நீளமான சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டுங்கள்.

விசிட்டிங் கார்டில் தமிழ் 7 புள்ளிக்குக் கீழே இறங்கக் கூடாது. 6-ல் 'ண', 'ஜ', 'ஷ' சுழிகள் மையில் அடைபடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் மோசம்: சுற்றியுள்ள மை பரவி முதலில் விழுங்குவது மெய்ப்புள்ளியைத்தான். 'கண்ணன்' 'கணணன' ஆகிவிடும். அங்கே ஒரு படி தடித்த எழுத்துருவும் குறைந்தது 8 புள்ளியும் வையுங்கள்.

பிரஸ்ஸில் தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்று நம்ப முடியாது. உடைந்தாலும் அவருக்குத் தெரியாது. அதனால் எழுத்தைக் கோட்டு வடிவமாக, அதாவது கர்வ் ஆக்கித்தான் அனுப்ப வேண்டும். கர்வ் ஆக்கும்முன் தாளில் அச்செடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவரைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். ர-ற, ன-ண, ல-ள-ழ பிழைகள் அப்போதுதான் மாட்டும். கல்யாணப் பத்திரிகையில் 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' சண்டையில் டிசைனர் கட்சி சேராமல், பெண் வீட்டார் சொல்வதைப் போட்டுவிடுவது உத்தமம். திருத்தக்கூடிய கோப்பையும் கர்வ் கோப்பையும் தனித்தனிப் பெயரில் வையுங்கள்.

ஒரு நாள் வேலை

தலை தெளிவாக இருக்கும் முதல் இரண்டு மணி நேரத்தைப் படம் போடுவதற்கு வையுங்கள். கரெக்ஷன், போன், பில் எல்லாம் மதியத்துக்கு மேல். கம்ப்யூட்டரைத் திறக்கும்முன் ஏ4 தாளில் 24 கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு யோசனை. முதல் ஆறேழு எல்லாருக்கும் தோன்றுபவை, அவை வெளியேறிய பிறகுதான் சரக்கு வரும். மூன்றைத் தேர்ந்து பெரிதாக வரைந்து, கறுப்பில் மட்டும் முடியுங்கள். லோகோ என்றால் 12 மி.மீ. அகலத்தில் அச்செடுத்துப் பாருங்கள், அதை இரண்டு முறை ஜெராக்ஸ் எடுங்கள், வாட்ஸ்அப் முகப்புப் படத்தின் வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் அதை அதிகம் காட்டப்போவது அங்கேதான். சதுர மூலையில் வைத்த எழுத்து அங்கே காணாமல் போகும். இந்த மூன்றையும் தாண்டியதற்குத்தான் நிறம்.

பயண நேரத்துக்கு ஏ6 நோட்டு சரியான அளவு. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் நோட்டு என்று சமாளிக்க முடியாது, ஆனால் உட்கார இடம் கிடைத்தால் மடியில் அடங்கும். காலை எட்டரை விரார் லோக்கலில் நோட்டைத் திறக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

பிரஸ்ஸில்

தொழில் பழகுகிறவர் லோயர் பரேல் பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பிரஸ்களில் ஒன்றிலாவது அரை நாள் நின்று பார்க்க வேண்டும். திரையில் இருக்கும் நீலம் தாளில் ஏன் கத்திரிப்பூ நிறமாகிறது என்பது அங்கே புரியும். சயான் என்னும் வெளிர்நீல மையும் மெஜந்தா என்னும் இளஞ்சிவப்பு மையும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் ஊதா அடிக்கும். நீலமாகவே நிற்க, மெஜந்தா சயானைவிட 30 சதவீதமாவது குறைவாக இருக்கட்டும். சிறிய எழுத்துக்கு கறுப்பு மட்டும் 100. நான்கு நிறத்தில் கறுப்பு வைத்தால் பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். பெரிய கறுப்புப் பரப்புக்கு சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 நன்றாக அடர்ந்து வரும். நான்கும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

பல பேருடைய விசிட்டிங் கார்டுகளை ஒரே ஷீட்டில் சேர்த்து அடிப்பதுதான் மலிவு. ஆனால் பக்கத்து கார்டுக்கு ஏற்ற மாதிரி மெஷின்காரர் மையைக் கூட்டினால் உங்கள் ஆரஞ்சும் சேர்ந்து மாறும். நிறம் துல்லியமாக வேண்டுமென்று அடம்பிடிக்கும் கிளையன்ட்டை அந்த ஷீட்டில் சேர்க்காதீர்கள். 3.5 அங்குலத்துக்கு 2 அங்குல கார்டு, வெட்டுக்கு வெளியே சுற்றிலும் 3 மி.மீ. நிறம் நீளும் ப்ளீட், எழுத்து ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே. ஓரமாக மெல்லிய பார்டர் போடுவதைத் தவிருங்கள். கட்டிங்கில் அரை மி.மீ. விலகினால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, ஊருக்கே தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் ஈரக் காற்று தனிக் கணக்கு. ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட கார்டு சுருளும், ஏனென்றால் திறந்திருக்கும் பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, பிளாஸ்டிக் ஒட்டிய பக்கம் விரிவதில்லை. இரண்டு பக்கமும் போடுங்கள், அல்லது லேமினேஷனே வேண்டாத தாளைத் தேர்ந்தெடுங்கள். மை காய வழக்கத்தைவிட நேரமாகும். காயும்முன் லேமினேஷன் போட்டால் உள்ளே வெள்ளிப் பூச்சு போல் மினுமினுக்கும், பிறகு உரியும். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகளுக்கு இரண்டு நாள் கூடுதலாகச் சொல்லி வாங்குங்கள்.

கிர்காவ் காடில்கர் ரோட்டில் பத்திரிகைக் கடைகளின் மாதிரிகளைப் பார்த்துவிட்டு, அங்கே கிடைக்கும் தாளில் என்ன முடியும் என்று தெரிந்தபின் வரைவது புத்திசாலித்தனம். தங்க ஃபாயிலுக்கும் ஸ்கிரீன் பிரிண்டுக்கும் 0.3 மி.மீ.க்குக் குறைந்த கோடு நிற்காது. 250 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட அட்டையை மடிக்கும்முன் மடிப்புத் தடம் (கிரீஸ்) போடச் சொல்லுங்கள். மடிப்பு தாளின் நார் ஓடும் திசையில் இல்லாவிட்டால் மை வெடித்து வெள்ளை தெரியும்.

பிளெக்ஸுக்கு முழு அளவில் 72 முதல் 100 டிபிஐ போதும். 300-ல் கொடுத்தால் கோப்புதான் கனக்கும். சுற்றிலும் 3 அங்குலம், கயிறு கட்டும் துளைக்கும் (ஐலெட்) மடிப்புக்கும் விட்டுவிடுங்கள். தலைவர் படத்தின் தலை மடிப்புக்குள் போனால் கட்சிக்காரர் பணம் தர மாட்டார். ரேடியம் ஸ்டிக்கருக்கு எல்லா வடிவங்களையும் வெல்ட் செய்து ஒரே கோடாக்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களிலும் கத்தி ஓடி, உரிக்கும்போது துண்டு துண்டாக வரும். 

காசும் காகிதமும்

அளவு, மாட்டும் இடம், மொழிகள், டைப் செய்த வாசகம், எத்தனை கரெக்ஷன், கெடு தேதி எல்லாம் எழுத்தில் வாங்கி, பாதி அட்வான்ஸ் வந்தபின் தொடங்குங்கள். இரண்டு சுற்று கரெக்ஷனுக்கு மேல் தனிக் கட்டணம் என்று கோட்டேஷனிலேயே இருக்கட்டும். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இது செல்லாது, தெரிந்ததே. கம்பெனிகள் உங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால், அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் வரிப் பிடித்தத்தைக் காட்டும் அறிக்கையில் (26ஏஎஸ்) பாருங்கள். ஆண்டு வரவு ₹ 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு.

பதிப்புரிமை பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1957-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். லோகோ வாங்கும் முதலாளிக்கு இது சங்கடம், துபாயில் கிளை திறக்கப்போகிறவருக்கு இன்னும் சங்கடம். அதனால் காலம், இடம் இரண்டையும் பில்லிலேயே ஒரு வரியாக எழுதி, முழுப் பணம் வந்தபின் உரிமை மாறும் என்று சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒப்படைக்கும் ஃபோல்டரில் திருத்தக்கூடிய கோப்பு, கர்வ் ஆக்கிய பிடிஎஃப், பின்னணி இல்லாத பிஎன்ஜி, நிற எண்கள் எழுதிய ஒரு பக்கம் இருக்கட்டும். எழுத்துருவையும் தருவதாக இருந்தால் அதனோடு வந்த உரிமக் கோப்பையும் சேர்த்தே வையுங்கள். முன்பு சொன்ன எழுத்துருக்களின் திறந்த உரிமமான ஓஎஃப்எல் அதைக் கேட்கிறது.